குமிழைக் குறைத்துக் கேளுங்கள்: சேதுக் கரையில் மெட்டல் டிடெக்டர்

ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் ஒரு விடியற்காலை நின்று பார்த்தால் தெரியும், தண்ணீர் மனிதர்களிடமிருந்து எவ்வளவு எளிதாகப் பொன்னைக் கழற்றிக்கொள்கிறது என்று. குளிர்ந்த நீரில் விரல் சுருங்குகிறது, மோதிரம் நழுவுகிறது. முங்கி எழும்போது ஈரப் புடவையின் முந்தானை சங்கிலியையும் சேர்த்து இழுக்கிறது. கூட்டத்தில் ஒருவர் காலை இன்னொருவர் மிதிக்க, மெட்டி கழன்றுவிடுகிறது. கரையேறி ஈரத் துணியைப் பிழியும்போதுதான் பலர் கழுத்தைத் தடவிப் பார்க்கிறார்கள். அந்த நொடியில் முகம் மாறுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். தொலைந்தது தாலியாக இருந்தால் எத்தனை பவுன் என்ற பேச்சே அங்கே எழுவதில்லை.

அப்படித் தொலைந்தவற்றைத் தேடத்தான் நான் மெட்டல் டிடெக்டர் வாங்கினேன். புதிதாக வாங்குகிற எல்லோரும் செய்கிற காரியத்தையே நானும் முதலில் செய்தேன்: உணர்திறன் குமிழை, அதாவது சென்சிட்டிவிட்டி என்று எழுதியிருப்பதை, முழுமூச்சாகக் கடைசிவரை திருகினேன். நிறைய உணர்ந்தால் நிறையக் கிடைக்கும் என்பது இயல்பான எண்ணம்தான். காய்ந்த தோட்டத்து மண்ணில் அது ஓரளவு சரியாகவும் இருக்கலாம். ராமநாதபுரம் கடற்கரையின் ஈரமணலில் அது தவறு. அந்தத் தவறு ஏன் நேர்கிறது என்று புரியாமல் இங்கே பலர் நல்ல கருவியை வாங்கி, நாலு நாள் அதன் கூச்சலைக் கேட்டுச் சலித்து, பரண்மேல் போட்டுவிடுகிறார்கள். கருவியின் மேல் பழி விழுகிறது. குமிழைச் சரியாக வைத்திருந்தால் அதே கருவி யாரோ ஒருவரின் மோதிரத்தை மீட்டிருக்கும்.

டிடெக்டரின் அடியில் தட்டுப் போல இருப்பதைக் காயில் என்கிறோம். அதற்குள் செம்புக் கம்பியால் சுற்றிய இரண்டு சுருள்கள் இருக்கின்றன. ஒன்று பேசுகிறது, மற்றது கேட்கிறது. பேசும் சுருளில் நொடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறும் மின்னோட்டம் ஓடுகிறது. கடைகளில் கிடைக்கும் ஒற்றை அதிர்வெண் கருவிகள் பெரும்பாலும் 5 முதல் 20 கிலோஹெர்ட்ஸுக்குள் வேலை செய்பவை. இந்த மின்னோட்டம் எழுப்பும் காந்தப்புலம் மணலுக்குள் இறங்குகிறது. அங்கே ஒரு மோதிரம் கிடந்தால் அதன் உடலுக்குள் சின்னஞ்சிறு சுழல் மின்னோட்டங்கள் பிறக்கின்றன. அவை தமக்கென ஒரு காந்தப்புலத்தை எழுப்புகின்றன. கேட்கும் சுருளுக்கு எட்டுவது அந்த மறுமொழி. இரண்டு சுருள்களும் ஒன்றையொன்று நேரடியாகக் கேட்காதபடி மிக நுணுக்கமாகச் சமன்செய்து பொருத்தப்பட்டிருப்பதால்தான், பேசும் சுருளின் பெருங்குரலுக்கு நடுவிலும் மோதிரத்தின் முணுமுணுப்பு காதில் விழுகிறது.

அந்த முணுமுணுப்பு எவ்வளவு மெல்லியது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சிறிய காந்தமூலம் ஒன்றின் புலம் தூரத்தின் மூன்றாம் அடுக்கில் தேயும். இங்கே போகும்போது ஒருமுறையும் திரும்பும்போது ஒருமுறையும் தேய்கிறது. ஆக ஆறாம் அடுக்கு. ஆழம் இருமடங்கானால் மறுமொழி 64-இல் ஒரு பங்காகிவிடுகிறது. காயிலை ஒட்டிய முதல் சில சென்டிமீட்டர்களில் இந்தத் தேய்வு சற்று மென்மையாக இருக்கும். அதையும் கணக்கில் சேர்த்து ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்க்கலாம். 26 சென்டிமீட்டர் அகலமுள்ள காயில் ஒன்று 20 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு மோதிரத்தை எட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கருவியின் பெருக்கத்தை இருமடங்காக்கினால் எட்டும் ஆழம் கூடுவது மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். பாதியாகக் குறைத்தால் இழப்பதும் ஏறத்தாழ அதே அளவுதான். இரண்டு விரல்கடை. இந்தக் கணக்கை முதன்முதலில் தாளில் போட்டுப் பார்த்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை, மறுபடியும் போட்டேன்.

பெரும்பாலான கருவிகளில் உணர்திறன் குமிழ் மண்ணுக்குள் அனுப்பும் ஆற்றலைக் கூட்டுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கேட்கும் பக்கத்தில் எத்தனை மடங்கு பெருக்குவது, எவ்வளவு சிறிய மாற்றத்தைக்கூடப் பொருள் என்று எடுத்துக்கொண்டு ஒலி எழுப்புவது என்பவற்றைத்தான் அது மாற்றுகிறது. இந்தக் கரையோரத்து வீடுகளில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மழை மூட்டமான இரவில் பாட்டு கரகரக்கும். ஒலியைக் கூட்டினால் பாட்டோடு கரகரப்பும் சேர்ந்தே கூடும், பாட்டு தெளிவதில்லை. கரகரப்பைவிடப் பாட்டு எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்பதுதான் காதுக்கு வேண்டியது. டிடெக்டரிலும் அதுவே.

இந்தத் தொல்லை கருவி பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது. 1881 ஜூலை 2 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடலுக்குள் தங்கிவிட்ட குண்டு எங்கே இருக்கிறது என்று மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், இரண்டு சுருள்களைச் சமன்செய்து ஒரு கருவி அமைத்து வந்து அவர் உடல்மேல் நகர்த்திக் கேட்டார். முன்னதாகச் செய்த சோதனைகளில் அந்தக் கருவி சரியாகவே வேலை செய்திருந்தது. தலைவரின் படுக்கையருகே மட்டும் எங்கே வைத்தாலும் ஒலித்தது. மெத்தையில் எஃகுக் கம்பிச் சுருள்கள் இருந்தது பிறகுதான் தெரியவந்தது. வலப்பக்கம் மட்டுமே தேட மருத்துவர் விட்டதும் ஒரு காரணம். குண்டு இடப்பக்கம் இருந்தது. செப்டம்பர் 19 அன்று கார்ஃபீல்டு இறந்துபோனார். பெல்லின் கருவிக்கு உணர்திறன் போதாமல் இல்லை. தேவையற்ற ஒன்றையும் அது சேர்த்தே உணர்ந்தது.

நம் கரையில் அந்தக் கம்பி மெத்தையின் இடத்தில் இருப்பது கடல்நீர்.

செம்பு கடல்நீரைவிட ஒரு கோடி மடங்குக்கும் மேலாக மின்சாரம் கடத்தும். அப்படியிருக்க, பொன் மோதிரத்தின் குரலை உப்பு நீர் எப்படி அமுக்குகிறது? அளவால். மோதிரம் சில கிராம்தான். காயிலின் கீழே ஒரு பெரிய கூடை நிறைய நனைந்த மணல் இருக்கிறது. அதன் துளைகள் எல்லாம் உப்பு நீர். கடல்நீர், குடிநீரைவிடப் பொதுவாக நூறு மடங்கு அளவுக்கு அதிகமாக மின்சாரம் கடத்தும். ஒவ்வொரு மணல் இடுக்கிலும் எழும் சின்னச் சுழல் ஒன்றுமில்லாததுதான். கூடை முழுவதும் சேரும்போது அது மோதிரத்தின் மறுமொழியைத் தாண்டிவிடுகிறது. முழு உணர்திறனில் காயிலை ஈரமணலுக்கு மேல் இரண்டு விரல்கடை ஏற்றி இறக்கினாலே கருவி அலறும். அங்கே பொருள் ஒன்றும் இருக்காது.

இன்னொரு இடைஞ்சல் கருமணல். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி அளவுக்கு நம் பக்கம் கருமணல் குவிந்து கிடக்கவில்லை என்றாலும், பெருங்காற்று அடித்து ஓய்ந்த மறுநாள் கரையில் கறுப்பும் செம்பழுப்புமாக வரிவரியாய்ப் படிந்திருப்பதைக் கரையோரம் நடப்பவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். இல்மனைட், கார்னெட், மக்னடைட் போன்ற கனத்த தாதுத் துகள்கள் அவை. அலை திரும்பும்போது எடை குறைந்த வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது, கனமானது தங்கிவிடுகிறது. வெள்ளை மணலின் அடர்த்தி நீரைப்போல் ஏறக்குறைய 2.65 மடங்கு; மக்னடைட் 5 மடங்குக்குச் சற்று அதிகம். தூய தங்கம் 19.3 மடங்கு.

இந்த எண்களை ஒரு கணம் சேர்த்துப் பாருங்கள். கருமணலைச் சலித்துச் சேர்க்கிற அதே அலைதான் மோதிரத்தையும் வலையிலிருந்து உதிர்ந்த ஈயக்குண்டையும் அதே வரியில் சேர்க்கிறது. கருவி அதிகமாகக் கூச்சலிடும் இடமும் தொலைந்த பொருள் தங்கக்கூடிய இடமும் பெரும்பாலும் ஒன்றுதான். கூச்சல் கேட்கிறது என்று அந்த வரியைத் தாண்டிச் சென்று அமைதியான வெள்ளை மணலில் மணிக்கணக்காகத் தேடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே மனம் வலிக்கும். கூச்சலுக்குள் புகுந்து கேட்கத் தெரிய வேண்டும். உணர்திறனைக் குறைப்பது அதற்காகத்தான்.

உப்பும் கருமணலும் தனித்தனியே இருந்தால் சமாளித்துவிடலாம். கருவிகளில் கிரவுண்ட் பேலன்ஸ் என்று ஒரு வசதி உண்டு. தரையின் மறுமொழி எப்படிப்பட்டது என்று கருவிக்குக் காட்டிக்கொடுத்து, அதைக் கேட்காமல் விடச் சொல்வது அது. கருவி பொருள்களைப் பிரித்தறிவது மறுமொழியின் தாமதத்தை வைத்து. மக்னடைட் தாமதமின்றி உடனுக்குடன் மறுமொழி தரும். உப்பு நீரின் மறுமொழி ஏறக்குறைய கால் அலை பிந்தி வரும். கனத்த வெள்ளி மெட்டியோ செம்புக் காசோ அரை அலை வரை பிந்தும். ஒற்றை அதிர்வெண் கருவியால் ஏதாவது ஒரு தாமதத்தை மட்டும்தான் ஒதுக்க முடியும். மக்னடைட்டுக்குச் சமன்செய்தால் உப்பு கத்தும். உப்புக்குச் சமன்செய்தால் கருமணல் கத்தும். இதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது: மெல்லிய தங்கச் சங்கிலியின் மறுமொழி உப்பின் தாமதத்துக்கு மிக அருகில் வருகிறது. உப்பை முற்றிலும் ஒதுக்கினால் சங்கிலியையும் சேர்த்து ஒதுக்கிவிடுவோம்.

பல அதிர்வெண்களில் ஒரே நேரத்தில் பேசும் கருவிகள் இதற்காகவே வந்தவை. அதிர்வெண் மாறும்போது உப்பின் மறுமொழி ஒருவிதமாகவும் தாதுவின் மறுமொழி வேறுவிதமாகவும் மாறுவதால், இரண்டையும் ஒப்பிட்டுக் கழித்துவிட முடிகிறது. கடற்கரையில் தேடவே வாங்குகிறவர்கள் காசு சேர்த்துக் காத்திருந்தாவது இந்த வகையை வாங்குவது நல்லது என்பது என் கருத்து. பல்ஸ் இண்டக்ஷன் என்ற வேறொரு வகையும் உண்டு. அது துடிப்புத் துடிப்பாகப் பேசி, ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் 10 மைக்ரோநொடியோ சற்று அதிகமோ பொறுத்துத்தான் காது கொடுக்கும். அதற்குள் உப்பின் மறுமொழி அடங்கிவிட்டிருக்கும். மெல்லிய சங்கிலியின் மறுமொழியும் சேர்ந்து அடங்கிவிடும் என்பது அதன் குறை. இரும்பு ஆணியையும் அது நன்றாக எடுத்துக்கொடுக்கும். தோண்டித் தோண்டிக் கை ஓய்ந்துவிடும்.

எந்த வகைக் கருவியாக இருந்தாலும் கரையின் குணம் தெரியாமல் குமிழைத் தொடக் கூடாது. நம் ஊரில் கடலே இரண்டு. பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் சொல்லி வருகிறோம். அக்னி தீர்த்தத்தில் அலை குளத்தைப் போல் அடங்கிக் கிடக்கும். தனுஷ்கோடிச் சாலையில் தெற்கே திரும்பினால் ஆண்கடல் கரையை அறைகிறது. அலை ஓங்கி அடிக்கும் பக்கத்தில் கருமணல் வரிகள் அதிகமாகத் தெரியும். அடங்கிய பக்கத்தில் சேறும் களியும் கலந்த மணல். தொல்லை பெரும்பாலும் உப்பு மட்டும்தான். வாடைக்காற்றுக் காலத்தில் பெண்கடல் பக்கம் மணல் அரிக்கும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தெற்குக் கரை புரளும். சென்ற மாதம் குறித்துவைத்த அளவு இந்த மாதம் அதே இடத்தில் செல்லாது.

ஒரே கரையிலும் மூன்று நிலங்கள் உண்டு. மேட்டில் காய்ந்த மணல். இதில் உணர்திறனை நன்றாகக் கூட்டி வைக்கலாம். அலை புரண்டு திரும்பும் ஈரமணல். இதில் குறைக்க வேண்டும். முழங்கால் தண்ணீருக்குள் காயில் முழுதும் மூழ்கிவிட்டால் விந்தையாக நிலைமை சற்றுச் சீரடையும். நாலாபக்கமும் உப்பு ஒரே மாதிரி இருப்பதால் கருவி அதற்குப் பழகிவிடும். மிக மோசமானது இவற்றுக்கு நடுவிலுள்ள எல்லைக் கோடு. காயிலின் ஒரு பாதி ஈரத்திலும் மறுபாதி காய்ந்த மணலிலும் இருந்தால், ஒவ்வொரு வீச்சிலும் உப்பு வந்து வந்து போகும். கருவி அதையே பொருள் என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே வீச்சு நீர்விளிம்புக்கு இணையாக இருக்க வேண்டும். குறுக்காக வீசக் கூடாது. இந்தப் பழக்கம் ஒன்றே என் கருவியின் பொய் ஒலிகளில் பெரும்பகுதியைக் குறைத்தது. இங்கே ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் ஈரமணல் பட்டை குறுகலானது. இணையாக நடந்தால் விரைவில் தேடி முடித்துவிடலாம்.

குமிழை எங்கே நிறுத்துவது என்பதற்கு நான் கடைப்பிடிப்பது இது. முதலில் கைபேசியை அணைத்துவிடுவேன், அல்லது கரையில் இருப்பவரிடம் கொடுத்துவிடுவேன். காயிலை இடுப்பு உயரத்தில் அசையாமல் பிடித்து உணர்திறனை மெல்லக் கூட்டுவேன். மண் அருகில் இல்லாதபோதும் கருவி முனகினால் அது காற்றில் வரும் மின் இரைச்சல். ராமேஸ்வரத்தில் 323 மீட்டர் உயரத் தொலைக்காட்சிக் கோபுரம் நிற்பதால் அதன்மேல் பழி போடுகிறவர்கள் உண்டு. அதன் அலைகள் நம் கருவியின் அதிர்வெண்ணுக்கு வெகு தொலைவிலுள்ள மெகாஹெர்ட்ஸ் கணக்கில் வருபவை. உண்மையில் தொந்தரவு செய்வது மின்கம்பிகள், எல்இடி விளக்குகளின் மின்வழங்கிகள், பக்கத்தில் ஓடும் இன்னொரு டிடெக்டர் ஆகியவைதான். பல கருவிகளில் அதிர்வெண்ணைச் சற்றே நகர்த்தும் வசதி இருக்கும். அதைச் செய்தால் பெரும்பாலும் அடங்கும்.

பிறகு காயிலை மணலுக்குக் கொண்டுவந்து, பொருள் எதுவும் இல்லாத ஓரிடத்தில் ஏற்றி இறக்கிக் கிரவுண்ட் பேலன்ஸ் செய்கிறேன். அதன்பின் சாதாரண வேகத்தில் வீசிக்கொண்டே உணர்திறனைப் படிப்படியாகக் கூட்டுகிறேன். பொய் ஒலி தொடங்கும் இடம் ஒன்று வரும். அங்கிருந்து இரண்டு மூன்று படி இறங்கி நிறுத்துகிறேன். 10 படிகள் கொண்ட என் கருவியில் காய்ந்த மணலில் 8 வரை போகும் குமிழ், அக்னி தீர்த்தத்து ஈரத்தில் 4 அல்லது 5-இல் நின்றுவிடும். நான்கா, பாதிகூட இல்லையே என்று முதலில் பதறியிருக்கிறேன். விரல்கடைக் கணக்கைத் தாளில் போட்ட பிறகுதான் அந்தப் பதற்றம் போனது. மூன்று சென்டிமீட்டர் இழந்து முழு அமைதியைப் பெறுவது எனக்கு லாபமாகவே தெரிகிறது. முழுக் கூச்சலில் 20 சென்டிமீட்டரில் கிடக்கும் மோதிரம் ஒலித்திருந்தாலும் அதைப் பொய் என்று எண்ணித் தாண்டியிருப்பேன்.

இதோடு நிறுத்திவிடாமல் ஒரு சோதனையும் செய்ய வேண்டும். தேடப்போகும் பொருளைப் போன்ற ஒன்றை நூலில் கட்டி, அரைச் சாண் ஆழத்தில் அதே ஈரமணலில் புதைத்து அதன்மேல் வீசிப் பாருங்கள். இரு பக்கமிருந்து வீசும்போதும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி, தெளிவாக ஒலித்தால் அமைப்பு சரி. நூல் எதற்கென்றால், சோதனைக்குப் புதைத்த மோதிரத்தையே நான் ஒருமுறை தொலைக்கப் பார்த்தேன். அலை வந்து குழியை மூடிவிட்டது. பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றையும் பையில் வைத்திருக்கிறேன். மணலில் அதைப் புரட்டி எடுத்தால் எவ்வளவு கருந்துகள் ஒட்டுகிறது என்று தெரியும். நிறைய ஒட்டினால் மக்னடைட் நிறைய இருக்கிறது. குமிழைத் தொடுவதற்கு முன்பே இன்றைய நாள் எப்படிப் போகும் என்று புரிந்துவிடும்.

குமிழைக் குறைக்க மனம் வராதவர்களுக்கு வேறு இரண்டு வழிகள் உண்டு. காயிலை மணலோடு உரசாமல் இரண்டு விரல்கடை உயர்த்திச் சீராக வீசினால் உப்பின் குரல் நன்றாகவே தணியும். அல்லது சிறிய காயிலை மாட்டலாம். அது பார்க்கும் மணலின் அளவு குறைவு என்பதால் அது கேட்கும் உப்பும் குறைவு. இரும்புக் குப்பை மிகுந்த இடங்களில் சிறிய காயில்தான் கைகொடுக்கும். உணர்திறன் மிகுந்த பெரிய காயிலுக்கு ஓர் ஆணியின் ஒலி பாய் விரித்தது போல் பரவி, பக்கத்தில் கிடக்கும் மூக்குத்தியை மூடிவிடும்.

ஆணியை வெறுத்து, பாகுபடுத்தும் வசதியைப் போட்டு இரும்பையும் தகரத்தாளையும் வாயடைக்கச் செய்வது அடுத்த தவறு. மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளும் சிகரெட் பெட்டியின் தாளும் கருவியின் திரையில் எந்த எண்ணைக் காட்டி ஒலிக்கின்றனவோ ஏறத்தாழ அங்கேதான் மெல்லிய தங்கமும் ஒலிக்கிறது. தாளை ஒதுக்கினால் சங்கிலி போய்விடும். இருபது தாள்களைத் தோண்டி எடுக்கும் பொறுமை இருந்தால்தான் இருபத்தொன்றாவதாகச் சங்கிலி கிடைக்கும். காசு தேடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். 1992 முதல் வரும் 1 ரூபாய் நாணயம் காந்தத்தில் ஒட்டும் எஃகு. நூலில் காந்தம் கட்டிப் பிள்ளைகள் காசு அள்ளுவது அதனால்தான். அதை இரும்பு என்று எண்ணிக் கருவி ஒதுக்கிவிடக்கூடும். 10 ரூபாய் இருவுலோக நாணயம் காந்தத்தில் ஒட்டாது. டிடெக்டரில் கணீரென்று ஒலிக்கும்.

கருவியைச் சரியாக அமைத்தவுடன் எங்கும் போகலாம் என்று எண்ணிவிடக் கூடாது. 2018 ஜூனில் தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டியபோது பெட்டி பெட்டியாகத் தோட்டாக்களும் வெடிபொருள்களும் வெளிவந்தன. இந்தக் கரையில் மண்ணுக்குள் அப்படிப்பட்டவையும் இருக்கின்றன. ஆழத்திலிருந்து பெரிதாக, அகலமாக ஓர் ஒலி வந்தால் தோண்டாதீர்கள். காவல் துறையிடம் சொல்லுங்கள். மண்டபம் கடலோரத்தில் கடத்தல் தங்கம் பிடிபடும் செய்திகள் அடிக்கடி வருவதால், இருட்டில் கருவியோடு அலைகிறவர்மேல் சந்தேகம் வருவதும் நியாயம்தான். முன்கூட்டியே நிலையத்தில் சொல்லிவிட்டுப் பகலில் தேடுவது எல்லோருக்கும் நல்லது.

அழகன்குளத்திலும் பெரியபட்டினத்திலும் கருவியை எடுக்கவே கூடாது. வைகை கடலில் சேரும் இடத்தருகே அழகன்குளத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறையின் அகழாய்வுகளில் ரோமானியக் காசுகளும் ரௌலட்டட் எனப்படும் உருட்டு அச்சுக் கோலமிட்ட மட்கலங்களும் கிடைத்தன. பெரியபட்டினத்தில் சீன மட்கலத் துண்டுகள் கிடைத்தன. அங்கே ஒரு காசைத் தோண்டி எடுப்பவர் காசை மட்டுமா எடுக்கிறார்? அது எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற செய்தியை அழித்துவிடுகிறார். அதைத் திரும்ப எழுத யாராலும் முடியாது. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சேது என்று பொறித்த யாழ்ப்பாண அரசர் காலத்துச் செப்புக் காசு ஒன்று கையில் கிடைத்தால் அது நம்முடையது அல்ல. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. தனுஷ்கோடியில் 2025-இல் பூநாரைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஆண்டின் முதல் மாதங்களில் பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும் மணலில் மண்வாரியை இறக்கவும் கூடாது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் இடிபாடுகளில் ஆணிகளும் தண்டவாளக் கொக்கிகளும் நிறையவே ஒலிக்கும். அவற்றை அப்படியே விட்டுவிடுகிறேன். அந்த இரவில் போனவர்களின் பொருள்கள் அவை.

என் வேலை தொலைத்தவர் கண்முன் நிற்கும்போது மட்டும்தான். சென்ற ஆண்டு காரைக்குடிப் பக்கமிருந்து வந்த ஓர் அம்மா தாலிக்கொடியைத் தொலைத்துவிட்டுக் கரையில் உட்கார்ந்திருந்தார். “தம்பி, இந்த இடத்தில்தான் மூன்று முறை முங்கினேன்” என்று கையைக் காட்டினார். அவர் காட்டிய இடத்தில் முழங்காலளவு தண்ணீர். அவசரத்தில் குமிழை 8-இல் வைத்தே இறங்கிவிட்டேன். அரை மணி நேரம் எல்லாத் திசையிலும் ஒலித்தது. பன்னிரண்டு முறை தோண்டினேன். தாளும் ஈயமும்தான் வந்தன. அவர் கணவர் சன்னதித் தெருவுக்குப் போய் மஞ்சள் கயிறும் மஞ்சள் கிழங்கும் வாங்கி வந்துவிட்டார். அவற்றைப் பார்த்ததும்தான் எனக்குத் தெளிந்தது. கரையேறி, சோதனை மோதிரத்தைப் புதைத்து, குமிழை 4-க்கு இறக்கி, மறுபடி நீர்விளிம்புக்கு இணையாக நடந்தேன்.

கருவி ஊமை போலிருந்தது. ஒன்பதாவது வரிசையில் ஒரு சிறு ஒலி, திரும்பி வீசியபோதும் அதே இடத்தில். கையால் துழாவினேன். ஒலித்தது சங்கிலி அல்ல. மெல்லிய கண்ணிகளால் கோத்த சங்கிலி ஒரு முழுத் துண்டாக மறுமொழி தராது; ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியே முனகும். ஒலித்தது அதன் நடுவிலிருந்த கனத்த மாங்கல்யம். அதைப் பற்றி இழுத்தபோது கொடி முழுதும் மணலிலிருந்து வந்தது, கொக்கி மட்டும் பிரிந்து.

அவர்களின் அனுமதியோடு ஒரு நிமிடம் அந்தச் சங்கிலிப் பகுதியை மட்டும் ஈரமணலில் வைத்து இரண்டு அளவிலும் வீசிப் பார்த்தேன். 8-இல் அது எங்கே இருக்கிறது என்றே பிரித்தறிய முடியவில்லை. 4-இல் நகத்தால் கீறியது போல் ஒரு சத்தம் கேட்டது. அதைக் குறிப்பேட்டில் தேதியோடு எழுதிக்கொண்டேன். அந்த அம்மா மாங்கல்யத்தை மட்டும் கழற்றி மஞ்சள் கயிற்றில் கோத்துத் தரச் சொன்னார். அறுந்த கொடியை ஊருக்குப் போய் ஆசாரியிடம் கொடுத்துக்கொள்கிறேன் என்றார். கணவர் கோத்தார். ஈரக் கை வழுக்கியதால் முடிச்சை இரண்டு முறை போட வேண்டியிருந்தது.